பைரவியின் இரண்டாவது வீடு

2006 செப்டம்பர் 24 அன்று சென்னையில் பத்மினி காலமானார். திருவனந்தபுரம் பூஜப்புரையில் பிறந்தவர். உதயசங்கரின் ‘கல்பனா’ படத்துக்காக அக்காள் லலிதாவோடு ஜெமினி ஸ்டூடியோவில் ஆட வந்து, பிறகு தமிழ்நாட்டுக்கே ‘தில்லானா மோகனாம்பாள்’ ஆகிப்போனவர். இருபத்தைந்து நாள் கழித்து, அக்டோபர் 19 அன்று, திருவனந்தபுரத்தில் ஸ்ரீவித்யா காலமானார். அவர் பிறந்தது சென்னையில். 1967இல் வந்த ‘திருவருட்செல்வர்’ படத்தில் இருவருமே இருக்கிறார்கள்: பத்மினி புகழின் உச்சியில், ஸ்ரீவித்யா பதின்மூன்று பதினான்கு வயதுச் சிறுமியாக. அந்த ஸ்டூடியோ தளத்திலிருந்து பார்த்தால், பின்னவருக்கு முடிவு திருவனந்தபுரத்தில் வரும் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. அந்த ஊரில் அவர் தொலைக்காட்சி நட்சத்திரமாக இருந்துகொண்டே விடைபெறுவார் என்பது அதைவிடத் தூரத்து எண்ணம். தமிழ்நாட்டில் தொலைக்காட்சி என்ற ஒன்றே அப்போது கிடையாது.

ஸ்ரீவித்யாவைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதில் பெரும்பகுதி அவருடைய காதலையும் மணமுறிவையும் சுற்றியே நிற்கிறது. மலையாளத்தில் ரஞ்சித் 2008இல் எடுத்த ‘திரக்கதா’ அவர் வாழ்க்கையின் நிழல் படிந்த படமென்று பேசப்பட்டது. அந்த ஆண்டின் சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. நல்ல படம்தான். ஆனால் ஒரு நடிகையின் நாற்பதாண்டு உழைப்பைப் பற்றிய பேச்சு திரும்பத் திரும்ப அவர் யாரை விரும்பினார் என்பதில் போய் முடிவது எனக்கு வருத்தம் தருகிறது. நான் பேச விரும்புவது அவருடைய தொழிலை, அதிலும் பலரும் ஒற்றை வரியில் கடந்துவிடும் கடைசிக் கட்டத்தை. ‘பட வாய்ப்புகள் குறைந்ததால் சின்னத்திரைக்குப் போனார்’ என்பதே அந்த ஒற்றை வரி. அது பிழையான வரி என்பது என் எண்ணம்.

அவர் பிறந்தது 1953 ஜூலை 24 அன்று. அம்மா எம்.எல். வசந்தகுமாரி, ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் சீடர், 1977இல் சங்கீத கலாநிதி. அப்பா விகடம் கிருஷ்ணமூர்த்தி, நகைச்சுவை நடிகர். முகத் தசைகளைப் பாதித்த ஒரு நோயால் கிருஷ்ணமூர்த்தி நடிப்பை விட வேண்டிவந்தது. அதன்பின் குடும்பத்தைக் கச்சேரிகள்தான் சுமந்தன. வசந்தகுமாரி ஊர் ஊராகப் போய்ப் பாடினார். முகத்தை நம்பிப் பிழைத்த ஒருவருக்கு முகமே ஒத்துழைக்காமல் போனதைப் பார்த்து வளர்ந்த பெண், முகத்தைக் கொண்டே வாழ்க்கை நடத்தினார். அதுவும் கண்ணைக் கொண்டு. அந்தக் கண்களைப் பற்றி மலையாளிகள் இன்றும் பேசுகிறார்கள். அவற்றுக்குப் பின்னால் இருந்த பரதநாட்டியப் பயிற்சியைப் பேசுவோர் குறைவு.

1969இல் வந்த ‘சட்டம்பிக்கவல’தான் மலையாளத்தில் அவர் நாயகியாகக் கவனம் பெற்ற படம். என். சங்கரன் நாயர் இயக்கியது, சத்யன் நாயகன். இதற்காக அவர் எங்கும் குடிபெயர வேண்டியிருக்கவில்லை. அன்றைய மலையாள சினிமாவின் முகவரியே கோடம்பாக்கம்தான். முதல் மலையாளப் பேசும்படமான ‘பாலன்’ (1938) சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் தயாரித்தது. 1947இல் ஆலப்புழைக்குப் பக்கத்தில் குஞ்சாக்கோவின் உதயா, ஐம்பதுகளின் தொடக்கத்தில் திருவனந்தபுரம் நேமத்தில் பி. சுப்பிரமணியத்தின் மெரிலாண்ட் என்று கேரளத்துக்குச் சொந்த ஸ்டூடியோக்கள் வந்த பிறகும், பல மலையாளப் படங்கள் சென்னையின் தளங்களிலேயே உருவாயின. ஆகவே சென்னைப் பெண் ஒருத்தி காலையில் தமிழ்ப் படத்திலும் மாலையில் மலையாளப் படத்திலும் நடித்துவிட்டு இரவு வீடு திரும்ப முடிந்தது. மொழிகளுக்கு நடுவே எல்லைக்கோடு இல்லாத அந்த ஸ்டூடியோ உலகம்தான் ஸ்ரீவித்யாவை உருவாக்கியது.

அங்கே என்ன கற்றார் என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பெரிய விளக்குகளின் சூட்டில் வியர்க்காமல் நிற்பது, தரையில் போட்ட குறி பிசகாமல் நடந்து வந்து நிற்பது, ஃபிலிம் விலை கூடிய சரக்கு என்பதால் முதல் டேக்கிலேயே முடித்துக்கொடுப்பது, கேமரா எவ்வளவு நெருக்கத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப முகத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பது. மேடை நடிகருக்குக் கடைசி வரிசை வரை எட்டும் முகம் வேண்டும். ஸ்டூடியோ நடிகருக்கு லென்ஸின் தூரம் தெரிய வேண்டும். ஸ்ரீவித்யாவுக்கு அது தெரிந்திருந்தது. குளோசப்பில் அவர் முகத்தில் எதுவும் ஓடாது, குதிக்காது. இமை பாதி தாழும், உதடு பிரியாமல் இறுகும், அவ்வளவுதான். நமக்கு எல்லாம் புரிந்துவிடும்.

இதற்கு முதல் பெரிய சான்று ‘அபூர்வ ராகங்கள்’ (1975). கே. பாலசந்தர் அந்தப் படத்தில் செய்த தேர்வை வயதுக் கணக்கோடு பார்த்தால் திகைப்பாக இருக்கும். பைரவியாக வரும் ஸ்ரீவித்யாவுக்கு அப்போது 22 வயது. அவருக்கு மகளாக வரும் ஜெயசுதாவுக்குப் பதினேழு நிரம்பவில்லை. பைரவியை நேசிக்கும் இளைஞனாக வரும் கமல்ஹாசன் நிஜத்தில் அவரைவிட ஒரே வயது இளையவர். பிரிந்துபோன கணவனாக வாயிற்கதவைத் தள்ளிக்கொண்டு வரும் புதுமுகம் ரஜினிகாந்த் அவரைவிட மூத்தவர். இத்தனை முரணையும் பார்வையாளர் நம்பியது ஒப்பனையால் அல்ல. வயதை நடையிலும் பேச்சின் நிறுத்தத்திலும் கொண்டுவந்தார் ஸ்ரீவித்யா. பைரவி கர்நாடக இசைப் பாடகி. தம்பூராவோடு மேடையில் உட்காரும் காட்சிகளில் அந்தப் பெண் எங்கே வளர்ந்தாள் என்பது தெரிகிறது. குரல் மட்டும் வாணி ஜெயராமுடையது. அதற்கு அவர் தேசிய விருது பெற்றார். கறுப்பு வெள்ளையில் ஸ்ரீவித்யாவின் முகத்தைச் செதுக்கிய பி.எஸ். லோகநாத்துக்கும் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது கிடைத்தது.

அந்த வெற்றிக்குத் தமிழ் சினிமா அவரிடம் வாங்கிய விலையும் பெரிது. இருபத்திரண்டு வயதில் தாயாக நம்பவைத்தவரைத் தமிழ்த் திரை மறுபடி இளமைக்குத் திரும்பவிடவில்லை. 1975இல் ரஜினியின் மனைவி. 1989இல் ‘மாப்பிள்ளை’யில் அவருக்கே மாமியார். 1991இல் ‘தளபதி’யில் அவருக்கே அம்மா. கமலுக்கு 1975இல் காதலி. 1989இல் ‘அபூர்வ சகோதரர்க’ளில் ஒரு கமலுக்கு மனைவி, இரண்டு கமல்களுக்கு அம்மா. நாயகர்கள் நின்ற வயதிலேயே நிற்க, நாயகி மட்டும் தலைமுறை தலைமுறையாக முதுமை ஏற்ற வரிசை இது. இதை அவருடைய தோல்வியாக நான் பார்க்கவில்லை, நம் சினிமாவின் கூச்சமில்லாத அநீதியாகப் பார்க்கிறேன். ‘தளபதி’யில் அவருக்கு வசனம் குறைவு. பெற்ற குழந்தையைக் கூட்ஸ் ரயிலில் விட்டுவிட்ட ஒருத்தி, பல ஆண்டுகளுக்குப் பிறகு எங்கோ ரயில் கூவும்போது நிமிர்ந்து பார்க்கிறாள். மகாபாரதத்துக் குந்தியை மணிரத்னம் சில நொடி முகத்துக்குள் அடக்க முடிந்தது என்றால், அந்த முகம் பதினான்கு வயதிலிருந்து பயின்றது.

மலையாளம் அவரை வேறு கண்ணால் பார்த்தது. அங்கும் அம்மா வேடங்கள் வந்தன, ஆனால் அவற்றோடு மனைவிகளும் வந்தார்கள், வீட்டுக்குள் மூச்சுமுட்டும் பெண்களும் வந்தார்கள். மோகன் இயக்கிய ‘ரசனா’ (1983) படத்தில் ஒரு எழுத்தாளர், தன் நாவலுக்குச் சரக்கு வேண்டுமென்று, அலுவலகத்தில் உடன் வேலைபார்க்கும் வெகுளி இளைஞனிடம் அன்பு காட்டுவதுபோல் நடிக்கச் சொல்லி மனைவியைத் தூண்டுகிறார். கோபி எழுத்தாளர், நெடுமுடி வேணு இளைஞன், ஸ்ரீவித்யா மனைவி. நடிக்கும் ஒருத்தியாக நடிப்பது. அந்த நடிப்பு எந்த இடத்தில் உண்மையாகிறது என்று அவளுக்கே தெரியாமல் போவதை நடிப்பது. தமிழில் அவருக்கு இப்படியொரு பாத்திரம் அந்த ஆண்டுகளில் கிடைக்கவே இல்லை. ‘ரசனா’வுக்காகக் கேரள மாநில அரசின் சிறந்த நடிகை விருது பெற்றார். 1979இலும் 1992இலும் அதே விருது அவருக்குக் கிடைத்தது. 1992இன் ‘தைவத்தின்றெ விக்ருதிகள்’ எம். முகுந்தனின் நாவலை லெனின் ராஜேந்திரன் படமாக்கியது. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன மய்யழியில் வறுமையோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அல்போன்சோ என்ற வித்தைக்காரராக ரகுவரன், அவர் மனைவி மாகியாக ஸ்ரீவித்யா. கே.ஜி. ஜார்ஜின் ‘ஆதாமின்றெ வாரியெல்லு’ படத்தில் பணக்கார வீட்டு ஆலீஸ். 1984இல் வந்த ‘பஞ்சவடிப் பாலம்’ படத்தில் பஞ்சாயத்துத் தலைவரின் மனைவி. முன்னதில் இருள், பின்னதில் முழுக்க எள்ளல். சிரிக்கவைக்கும் வேடத்தில் அவரைப் பார்க்கும்போது விகடம் கிருஷ்ணமூர்த்தியின் மகள் என்பது நினைவுக்கு வரும்.

இதற்கிடையே அவருடைய வாழ்க்கை இடம் மாறியது. 1978இல் நடந்த திருமணம் சில ஆண்டுகளில் முறிந்தது. சென்னையில் தன் வீட்டுக்காகத் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் அவர் பக்கம் தீர்ப்பானது. பின்னர் சென்னையை விட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறினார். மலையாள சினிமாவும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் கோடம்பாக்கத்தைக் காலிசெய்துகொண்டிருந்தது. 1980இல் திருவல்லத்தில் அரசின் சித்ராஞ்சலி ஸ்டூடியோ இயங்கத் தொடங்கியது. படங்கள் ஸ்டூடியோ தளத்தை விட்டு உண்மையான வீடுகளுக்கும் தெருக்களுக்கும் போயின. வாழ்க்கை அடிபட்டு ஊர் மாறிய நடிகையும், காலம் மாறி ஊர் மாறிய தொழிலும் ஒரே ஊரில் வந்து சேர்ந்தார்கள்.

திருவனந்தபுரம் தமிழ் வாசகருக்கு அந்நிய ஊர் அல்ல. ஆ. மாதவனின் சாலைத் தெரு நமக்குத் தெரியும், நீல. பத்மநாபனின் ஊர் அது. கோட்டை, வலியசாலை, கரமனை அக்ரகாரங்களில் தமிழ் தலைமுறைகளாகப் பேசப்படுகிறது. வசந்தகுமாரியின் மகளுக்கு அங்கே சங்கீதத்தாலும் ஓர் உறவு உண்டு. சுவாதித் திருநாளின் ஊர் அது. லெனின் ராஜேந்திரன் 1987இல் எடுத்த ‘சுவாதித் திருநாள்’ படத்தில் ஸ்ரீவித்யாவும் இருந்தார். இங்கே ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. கோட்டைக்குள் இருக்கும் நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதற்கு வழிவழியாகத் தடை இருந்தது. வசந்தகுமாரி போன்ற மேதைக்கும் அந்த மேடை இல்லை. பாறசாலை பொன்னம்மாள் முதன்முதலாக அங்கே பாடியது 2006இல், ஸ்ரீவித்யா இறந்த அதே ஆண்டு.

மலையாள சினிமாவும் அந்த நகரில் ஒரு பெண்ணுக்குச் செய்த கொடுமையோடுதான் தொடங்கியது. ஜே.சி. டேனியலின் ‘விகதகுமாரன்’ அங்கே திரையிடப்பட்டபோது, தலித் பெண்ணான பி.கே. ரோசி நாயர் பெண்ணாக நடித்ததைப் பொறுக்காத கூட்டம் கல்லெறிந்தது. ரோசி ஊரைவிட்டு ஓடி நாகர்கோவில் பக்கம் வாழ்ந்ததாகச் சொல்வார்கள். மலையாள சினிமா கண்ட முதல் நாயகியைத் துரத்திய நகரம், சென்னையிலிருந்து வந்த ஒரு நடிகையைத் தன்னவராக்கிக்கொள்ள எத்தனையோ காலம் கடக்க வேண்டியிருந்தது. இரண்டு பேரின் சாதியும் ஒன்றல்ல என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இனி தொலைக்காட்சி. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் நிலையம் 1985 ஜனவரி 1 அன்று மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. 1993இல் ஏஷ்யாநெட் அதே நகரைத் தலைமையிடமாகக் கொண்டு வந்தது. 1998இல் சூர்யா டிவி, 2000இல் கைரளி. ஏஷ்யாநெட்டின் ‘ஸ்த்ரீ’ தொடர் 1998இல் தொடங்கி, வேலைநாள் மாலைகளில் கேரளத்து வீடுகளைத் திரைமுன் உட்காரவைத்தது. அதன் நாயகி வினயா பிரசாத் கன்னடத்துக்காரர். ஸ்டூடியோ காலத்தைப் போலவே சின்னத்திரையும் மொழி எல்லை பார்க்காமல் முகம் தேடியது. பட உலகில் நடுவயதைத் தாண்டிய நடிகைகளுக்குத் தொடர்களில் நடுநாயக இடம் கிடைத்தது. நகரத்தைச் சுற்றியிருந்த வாடகை வீடுகள் நாள் முழுக்கப் படப்பிடிப்புத் தளங்களாயின.

தொடரின் இலக்கணத்தை யோசித்துப் பாருங்கள். அரை மணி நேரம். விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதல். ஒரே வரவேற்பறை, ஒரே மாடிப்படி, ஒரே சமையலறை. அகன்ற காட்சிக்கு அங்கே வேலை இல்லை. கதை முகங்களில்தான் நடக்கிறது. ஒருவர் பேச இன்னொருவர் கேட்க, கேட்கிறவர் முகத்தைக் கேமரா விட மறுக்கிறது. அன்றைய பெட்டித் தொலைக்காட்சியில் ஒரு மனித முகம் ஏறக்குறைய அதன் உண்மை அளவிலேயே வரும். சினிமாக் கொட்டகையில் இருபதடி உயரத்தில் பார்த்த முகம், வீட்டுக் கூடத்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம்போல் ஆகிறது. இந்த இடத்தில் பெரிதாக நடிப்பவர் கூச்சலிடுகிறார், சின்னதாக நடிக்கத் தெரியாதவர் மரமாகிறார். லென்ஸின் தூரம் அறிந்தவர் பிழைக்கிறார். கோடம்பாக்கம் ஸ்ரீவித்யாவுக்குக் கொடுத்த பயிற்சி நூற்றுக்கு நூறு தேவைப்பட்ட இடம் எது என்று கேட்டால், இதுதான் என்பேன்.

குரலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சமையலறையில் தாளித்துக்கொண்டே, குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டே, தொடரைப் பார்ப்பதைவிடக் கேட்பவர்கள் எத்தனை பேர்! சின்னத்திரையில் குரல் பாதி நடிப்பு. ஸ்ரீவித்யாவின் குரல் தாழ்ந்த சுருதியில் நிற்பது, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காதது, மூச்சு எங்கே விடவேண்டும் என்று தெரிந்தது. பாலசந்திர மேனனின் ‘ஒரு பைங்கிளிக்கத’ (1984) படத்தில் அவர் பாடவும் செய்திருக்கிறார். அம்மாவின் பாடாந்தரம் மேடைக்குப் போகவில்லை, வசனத்துக்குள் போனது.

அவருடைய இரண்டு துறைகளும் எவ்வளவு அருகருகே இருந்தன என்பதற்கு ஒரு படம் போதும். 1997இல் ஃபாசில் இயக்கிய ‘அனியத்திப்ராவு’. நாயகன் குஞ்சாக்கோ போபன், உதயா ஸ்டூடியோ நிறுவிய குஞ்சாக்கோவின் பேரன். அவனுக்கு அம்மா ஸ்ரீவித்யா. அதே ஆண்டு தமிழில் ‘காதலுக்கு மரியாதை’. விஜய்க்கும் அம்மா அவரே. ஓடிப்போகத் துணிந்த பிள்ளைகள் மனம் மாறித் திரும்பி வரும் அந்த இறுதிக் காட்சியில், இரண்டு அம்மாக்கள் பார்த்துக்கொள்கிறார்கள்; மறுபக்கம் கே.பி.ஏ.சி. லலிதா. தொடர்கள் அடுத்த பத்தாண்டுகளுக்குச் செய்யப்போவதை அந்தக் காட்சி முன்கூட்டியே செய்துகாட்டிவிட்டது: ஒரு கூடம், சில முகங்கள், தாயின் பார்வையில் ஒரு தீர்ப்பு.

திரைப்படத்தில் தாய் கதையின் ஓரத்தில் நின்று தீர்ப்பு வழங்குபவள். தொடரில் அவள் கதையின் நடுவில் இருக்கிறாள். ‘அவிசாரிதம்’ தொடருக்காக 2004இல் கேரள மாநிலத் தொலைக்காட்சி விருதுகளில் ஸ்ரீவித்யா சிறந்த நடிகையானார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண் ஒருத்தியின் முகத்தை வாரக்கணக்கில், நாள் தவறாமல் பார்க்கப் பெரிய திரை எப்போதும் முன்வந்ததில்லை. சின்னத்திரை முன்வந்தது. தொடர்களின் அழுகையையும் இழுவையையும் நானும் குறைசொல்வேன். ஆனால் இந்த ஒரு கணக்கில் சினிமா தொலைக்காட்சிக்குக் கடன்பட்டிருக்கிறது.

அமெரிக்காவில் இதே பாதையில் முன்பே போனவர்கள் உண்டு. ஆர்.கே.ஓ. ஸ்டூடியோவில் இரண்டாம் வரிசைப் படங்களில் நடித்த லூசில் பால், 1951இல் தொலைக்காட்சிக்கு வந்து நாட்டின் பெரும் நட்சத்திரமானார். சில ஆண்டுகளில் அவரும் கணவரும் நடத்திய டெசிலு நிறுவனம் அதே ஆர்.கே.ஓ.வின் தளங்களை விலைக்கு வாங்கியது. தமிழில் ராதிகா ராடான் நிறுவனத்தின் உரிமையாளராக இருந்து ‘சித்தி’யில் நடித்தார். அவர்கள் தங்கள் முகத்தின் முதலாளிகள். ஸ்ரீவித்யா கடைசிவரை கால்ஷீட் கொடுத்துச் சம்பளம் வாங்கிய நடிகை. ஸ்டூடியோ காலத்துத் தமிழ், மலையாள நடிகைகளில் பெரும்பாலோர் நிலை அதுதான். கதையும் தயாரிப்பும் கையில் இருந்திருந்தால் அவர் எந்தப் பெண்களை நடித்திருப்பார் என்ற கேள்வி ‘ரசனா’வை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்கு எழுகிறது.

2003இல் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. விருது வாங்கித் தந்த வேலையும் அதன் பின்னான வேலையும் அந்த நோயோடு செய்தவை. ‘அம்மத்தம்புராட்டி’ என்ற தொடரில் நடித்துக்கொண்டிருந்தபோது உடல் இடங்கொடுக்காமல் பாதியில் விலகினார். சினிமாவில் நோயுற்ற நடிகர் படப்பிடிப்பைத் தள்ளிவைக்கலாம். தொடருக்கு அடுத்த நாள் மாலை ஒளிபரப்பு இருக்கிறது. தினமும் வீட்டுக்கு வந்த ஒருவர் ஒருநாள் வரவில்லை என்றால் அந்த வீட்டுக்காரர்களுக்கு உடனே தெரிந்துவிடும். அவர் நோயைக் கேரளம் இப்படித்தான் அறிந்தது, மாலைத் திரையில் விழுந்த ஒரு வெற்றிடமாக.

அவருடைய படங்களை இன்று தேடிப் பார்க்க முடிகிறது. தொடர்களை அந்த அளவுக்குப் பார்க்க முடிவதில்லை. மாநில விருதுகளை வழங்கும் சலச்சித்திர அகாதெமி திருவனந்தபுரத்தில்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் டிசம்பரில் உலகப் படங்கள் அங்கே திரையிடப்படுகின்றன. பழைய படச்சுருளுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கு பழைய தொலைக்காட்சி நாடாக்களுக்கும் வேண்டும். ஸ்டூடியோ நடிப்புப் பள்ளியின் கடைசி மாணவர்கள் தங்கள் முதிர்ந்த வேலையைச் செய்தது அந்த நாடாக்களில்தான்.

இறப்பதற்கு முன் எழுதிய உயிலில், வசதியில்லாத மாணவர்களுக்கு இசையும் நடனமும் கற்றுத்தர ஒரு பள்ளி தொடங்க வேண்டுமென்று அவர் குறித்திருந்தார். நடிப்புப் பள்ளி என்று எழுதவில்லை. அம்மாவின் வீட்டில் கற்ற இரண்டையும்தான் எழுதினார்.

2006 அக்டோபரில் அரசு மரியாதையோடு உடல் எடுத்துச் செல்லப்பட்டது. தகனம் நடந்தது கரமனையில், பிராமணர் மயானத்தில். அந்தத் தெருக்களில் வாசலில் கோலம் போடுவார்கள், வீட்டுக்குள் தமிழ் பேசுவார்கள், மாலையானால் மலையாளத் தொடர் பார்ப்பார்கள்.